மோட்டரை நிறுத்திக் கேட்ட குரல்

எங்கள் மில்லில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை இருக்கிறது. முதுகுப் பக்கம் வெடித்துப்போய், என் கணவர் அதைக் கட்டுக்கம்பியால் தைத்து வைத்திருக்கிறார். நெல்லுக் குத்த வருகிறவர்கள் மூட்டைகளின் மேல் ஏறி இருப்பார்கள், வாசல் கட்டில் இருப்பார்கள், இடமில்லாவிட்டால் சைக்கிளில் சாய்ந்து நிற்பார்கள். அந்தக் கதிரையில் மட்டும் இருக்கமாட்டார்கள். அது என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட கதிரையில் ஒரு நாள் பிற்பகல் ஒரு கைபேசியை இருத்தினார்கள். வைத்தார்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தவிடு படாதபடி துவாய் ஒன்றை மடித்து விரித்து, முதுகில் சாய்த்து, சரியாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டை முட்டுக்கொடுத்து, மாப்பிள்ளையை மணவறையில் இருத்துகிற கவனத்தோடுதான் அதை இருத்தினார்கள். பிறகு என் கணவர் போய் மோட்டரை நிறுத்தினார். மில் அமைதியாகிவிட்டது. கைபேசிக்குள் இருந்து என் மச்சாளின் குரல் வந்தது. நான் தூணோடு நின்றுகொண்டு கேட்டேன்.

அந்த மோட்டர் நின்றதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கல்யாணம் முடித்து முரசுமோட்டைக்கு வந்த நாளில் இருந்து நான் அந்த மோட்டரோடு போட்டிபோட்டுத்தான் கதைத்து வருகிறேன். சோறு ஆறுகிறது என்று சொல்லவும் கத்தவேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லவும் கத்தவேண்டும். எனக்காக ஒரு தடவைகூட அது நின்றதில்லை. கேட்டால், நிறுத்தி நிறுத்திப் போட்டால் பெல்ட் அறுந்துபோகும் என்பார் என் கணவர். மச்சாளுக்கு மட்டும் பெல்ட் அறாது. மச்சாள் அவருடைய ஒரே அக்கா. வீட்டாருக்கு ஒத்துவராத காதலால் முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்துக்குப் போனவர். அதனால் பல வருஷம் இந்த வாசலில் அவருடைய பெயரையே எடுக்கமாட்டார்களாம். இழந்து திரும்பக் கிடைத்த அக்காவின் குரலுக்காக ஒரு மனிதன் மோட்டரை நிறுத்துவதில் நியாயம் இருக்கிறது. நியாயம் இருந்தாலும் பொறாமை பொறாமைதான்.

எங்கள் மில் உதைபந்தாட்டக்காரரின் மில். கிளிநொச்சியில், பல ஊர்களில் இருந்தும் சம்பளத்துக்கு ஆட்களை எடுத்து, நாட்டின் பெரிய லீக்கில் ஆடவென்று ஒரு கழகத்தைத் தொடங்கியபோது, முரசுமோட்டையில் அதற்கு முதலில் ரசிகர் கூட்டம் சேர்ந்தது எங்கள் உமிக் குவியலுக்குப் பக்கத்தில்தான். கணக்குப் படிப்பிக்கிற ரியூசன் மாஸ்டர் வருவார். நெல் இல்லாத நாளிலும் டிராக்டரைக் கொண்டுவந்து நிழலில் விட்டுவிட்டு டிராக்டர்காரர் வருவார். போட்டி நடக்கும் மாதங்களில் அவர்களுடைய கதை சாதாரணமாக இருக்கும். வென்றால் வென்றது, தோற்றால் நடுவருக்குக் கண் தெரியவில்லை. ஆனால் போட்டிகள் தொடங்குவதற்கு முன்பு நடக்கும் பயிற்சி முகாம் காலத்தில்தான் அவர்களுக்கு உயிர் வரும். ஒன்றும் நடக்காதபோது கதைப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரை எடுப்பார்கள், யாரைக் கழிப்பார்கள், யாருக்கு முழங்கால் நோ, புதிதாக வந்தவன் இரண்டு காலாலும் அடிப்பானா என்று தொடங்கினால், நெல் அரிசியாகி ஆறிப்போனபிறகும் போகமாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் கடைசிச் சொல் என்னுடையதாக இருந்தது. கழகத்தின் பந்துக் காப்பாளன் என் தம்பி. அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் நான். கல்யாணம் முடித்தபோது சீதனத்தோடு அவனையும் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளத்தில், அறுவடை இல்லாத மாதங்களில், அவனுக்குப் பந்து அடித்துப் பழக்கியதும் நான்தான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடிப்பேன். இடது பக்கம் தாழ வருகிற பந்துக்கு அவன் ஒரு கணம் பிந்துவான் என்பது இந்த உலகத்தில் முதலில் எனக்குத்தான் தெரியும். அந்தச் சிவப்புக் கதிரையில் இருந்தபடி நான் அதைச் சொன்னால் மாஸ்டர் தலையாட்டுவார். மோட்டருக்கு மேலால் கத்திச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார்கள். அந்த மரியாதையை நான் நன்றாக அனுபவித்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வந்த வருஷம் கழகத்துக்கு வெளியில் இருந்து ஒரு புதுப் பயிற்றுநர் வந்தார். மணலில் ஓடினால்தான் கால் உறுதிப்படும் என்று முகாமை முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். மைதானத்தைச் சுற்றித் தறப்பாள் கட்டி ஒருவரும் பார்க்க முடியாமல் செய்தார். வந்த அன்றே எல்லாருடைய கைபேசிகளையும் வாங்கிப் பூட்டிவைத்தார். முகாம் முடியும்வரைக்கும் எவனும் வீட்டோடு கதைக்கக்கூடாதாம். அந்த முறை காப்பாளர் இருவர். கொழும்பில் இருந்து இன்னொருவன், தம்பியைவிட உயரமானவன், வந்திருந்தான். ஒருவனுக்குத்தான் ஒப்பந்தம். கழித்துவிட்டால் கட்டாருக்குப் போகிறேன் என்று தம்பி பாஸ்போட்டையும் எடுத்துவைத்துவிட்டுத்தான் முகாமுக்குப் போயிருந்தான். அவன் விளையாடுவானா என்பது மாஸ்டருக்கும் டிராக்டர்காரருக்கும் கதை. அவன் இந்த வீட்டில் இருப்பானா, இல்லாவிட்டால் வெயிலில் எங்கோ கட்டடம் கட்டப் போவானா என்பது எனக்கு இருந்த கேள்வி.

இந்த நேரத்தில்தான் முகாமுக்குச் சமைக்கிற வேலை மச்சாளுக்குக் கிடைத்தது. அவர் கடற்கரையில் கோயில் பெருநாளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் பெரிய கிடாரம் வைத்துச் சமைக்கிறவர். உதைபந்தாட்டம் என்றால் இரண்டு பக்கமும் வலை கட்டியிருக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வலையைப் பற்றித் தெரிந்ததும் அவருடைய மனுஷனின் தொழிலால்தான் என்று நான் மில்லில் சொல்லிச் சிரித்தேன். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. தறப்பாளுக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கண்ணால் காண்கிற ஒரே ஆள் அவர் என்பது அவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. பகல் சாப்பாடு முடிந்து கிடாரத்தைக் கழுவப் போட்டதும் மச்சாள் தன் தம்பிக்காரனுக்கு, அதாவது என் கணவருக்கு, அழைப்பு எடுப்பார். அந்த நேரத்துக்குச் சரியாக ஆட்கள் நெல்லோடு வரத் தொடங்கினார்கள். சிலர் நெல் இல்லாமலே வந்தார்கள்.

மச்சாள் சொன்னது முழுக்கக் குசினிச் செய்தி. "அந்தக் கறுத்த உயர்ந்த பெடியன் இண்டைக்கு மூண்டாம் தரமும் சோறு வாங்கினவன். மற்ற முடி வெட்டாதவன் கையை நோகுதெண்டு கரண்டியாலைதான் சாப்பிட்டவன். கோச் சம்பலைத் தொடவே இல்லை, வயித்திலை ஏதோ." இவ்வளவுதான். ஆனால் மில்லில் இருந்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டிப் பருவத்தையே எழுதினார்கள். மூன்றாம் தரம் சோறு வாங்கியவன் நடு இடத்தில் ஓடுகிறவன், அவனைக் கூடுதலாக ஓடவிடுகிறார்கள் என்றார் மாஸ்டர். கரண்டியால் சாப்பிட்டவன் கோட்டுக்கு வெளியில் இருந்து பந்தைக் கையால் எறிய மாட்டான், ஓரத்துக்கு வேறு ஆளைப் போடுவார்கள் என்றார் டிராக்டர்காரர். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "பொறு பிள்ளை, முல்லைத்தீவு அக்கா என்ன சொல்லுறா எண்டு கேப்பம்" என்றார்கள். முல்லைத்தீவு அக்கா. என் தம்பியும் அவரை அப்படித்தான் கூப்பிடுவான், முல்லைத்தீவை விட்டுவிட்டு.

மச்சாளின் குரலில் ஒரு வசதி இருந்தது. அவர் அவசரப்படமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் அந்த ஆளின் வீட்டுச் சுகத்தை முதலில் விசாரிப்பார், பிறகுதான் பதில். மாஸ்டருடைய மனைவியின் கால் வீக்கம் பற்றி முல்லைத்தீவில் இருந்து அவர் கேட்கிறார்; அடுத்த வளவில் இருந்த நான் கேட்டதில்லை. எனக்குச் செய்தி தெரிந்தால் அது என் வாயில் நிற்காது, பால் பொங்குவதுபோல் வந்து கொட்டிவிடும். அவர் ஒவ்வோர் அகப்பையாக ஊற்றினார். கேட்கிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

பிறகு ஒரு நாள், பேச்சோடு பேச்சாக, மச்சாள் இதைச் சொன்னார். "மண்டபத்திலை மேசை காணாது. அதாலை ரெண்டு பந்தியா வைக்கிறன். கோச்சும் அந்தக் கொழும்புக் கீப்பரும் முதல் பந்தியிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்து சாப்பிடுவினம். எங்கடை பெடியன் ஒவ்வொரு நாளும் கடைசிப் பந்திதான்." அதற்குப் பிறகு மீனின் விலை பற்றியும் ஏதோ சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டர் என்னைப் பார்க்காமல் மூட்டையின் தையலைப் பார்த்தார். டிராக்டர்காரர், "அப்ப விளங்கீற்றுது" என்றார். அவர் அதற்குமேல் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. முதல் பந்தியில் இருக்கிறவர்கள்தான் ஆடுவார்கள் என்று அவர்கள் அந்தக் கணத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். என் கணவர் எழுந்துபோய் மோட்டரைப் போட்டார். நான் வீட்டுக்குள் போய் அலுமாரியைத் திறந்து தம்பியின் பாஸ்போட்டை எடுத்து, என்னுடைய சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு காலையில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். முகாமுக்குள் ஒருவரையும் விடமாட்டார்கள். ஆனால் சமையலுக்கு உதவிக்கு வந்தவள் என்றால் யார் கேட்பது. பஸ் விசுவமடு தாண்டி, புதுக்குடியிருப்பில் நின்று ஆட்களை ஏற்றி, வட்டுவாகல் பாலத்தில் ஊர்ந்தபோது, போய் அந்தப் பயிற்றுநரிடம் என்ன கேட்பது என்று சொற்களை அடுக்கிக்கொண்டு இருந்தேன். மச்சாளிடம் கேட்கவும் இருந்தது. என் தம்பி கழிபடுகிற செய்தியை மீன் விலையோடு சேர்த்து ஊருக்கு முன்னால் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்க இருந்தேன்.

மச்சாள் என்னைக் கண்டதும் அடுப்படியை விட்டு எழுந்து வந்தார். கையில் ஒரு கத்தியையும் வெங்காயச் சுளகையும் தந்தார். "வந்தது நல்லது பிள்ளை. இண்டைக்கு உதவிக்கு வாறவள் வரேல்லை. இரு, சாப்பாட்டு நேரத்துக்கு நீயே பாப்பாய்" என்றார். தற்காலிகமாகப் போட்ட ஓலைக் குசினி. கிடாரத்தில் மீன் குழம்பு கொதித்தது. கடல் காற்று புகையை எங்கள் முகத்துக்கே திருப்பி அடித்தது. கண்ணீருக்கு வெங்காயமும் புகையும் காரணமாக இருந்ததால் எனக்கு வசதியாகப் போயிற்று.

சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். வியர்வையும் மணலுமாக, வந்த வேகத்தில் மேசைகளில் விழுந்தார்கள். பயிற்றுநர் இருந்தார், பக்கத்தில் கொழும்புப் பையன் இருந்தான். என் தம்பியைக் காணவில்லை. பார்த்தால், அவன் குசினி வாசலில் வந்து நின்று, மச்சாளின் கையில் இருந்த சொதி வாளியை வாங்கினான். அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தட்டாகப் போனான். போதுமா, இன்னும் கொஞ்சம் விடவா, மீன் காணுமா என்று அரைகுறைச் சிங்களத்திலும் தமிழிலும் கேட்டுக்கேட்டு ஊற்றினான். கொழும்புப் பையனின் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டான். இரண்டாம் பந்திக்கும் அவனே பரிமாறினான். எல்லோரும் கையைக் கழுவிய பிறகுதான் குசினிக்குள் வந்தான். என்னைக் கண்டு திகைத்துப்போனான்.

நான் அடுக்கிவைத்த சொற்களில் ஒன்றும் வரவில்லை. ஏன் முதல் பந்தியிலேயே சாப்பிடவில்லை என்று மட்டும் கேட்டேன். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அவங்கள் எங்கையெல்லாமோ இருந்து எங்கடை இடத்துக்கு வந்திருக்கிறாங்கள் அக்கா. இந்தப் பக்கத்து ஆள் எண்டால் நான் ஒருத்தன்தான். நான் முன்னுக்கு இருந்து சாப்பிட்டால் வடிவோ?" என்றான்.

எங்கள் பக்கத்தில் ஒரு கொண்டாட்டம் என்றால் வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில்தான் இருப்பார். வந்தவர்கள் சாப்பிட்டு முடியும்வரை பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். மாஸ்டர் தன் மகளின் கல்யாணத்தன்று பொழுதுபடத்தான் சாப்பிட்டார். டிராக்டர்காரர் புதுமனை புகுந்த நாளில் மீந்த குழைசாதம்தான் அவருக்குக் கிடைத்தது. எனக்கும் அது பிறந்ததில் இருந்து தெரியும். இருந்தும் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பின்னுக்கு இருக்கிறவனைக் கண்டால் தள்ளிவிடப்பட்டவன் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். வீட்டுக்காரன் என்று நினைக்க எங்களுக்கு வரவில்லை. அவனுக்கு வந்திருந்தது.

அந்த ஆறுதலோடு நான் எழுந்து பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் தம்பி சாப்பிட இருந்தான். மச்சாள் ஒரு மூடிவைத்த சட்டியைத் திறந்து, அவனுக்கென்று ஒதுக்கிய பாரை மீன் தலையை எடுத்து வைத்தார். ஒவ்வொரு நாளும் நடக்கிற காரியம் என்று பார்க்கவே தெரிந்தது. அவன் சாப்பிட்டபடி, அன்று காலை எத்தனையோ பந்து பிடித்துக் கடைசியில் ஒன்றை விட்டதை அவருக்குச் சொன்னான். "இடப்பக்கம்தானே, அந்தத் தாழ வாறது?" என்று மச்சாள் கேட்டார். அது என்னுடைய பந்து. நெல் காயப்போடும் தளத்தில் என் காலால் அடித்து நான் கண்டுபிடித்த குறை அது. வலையைத் தவிர ஒன்றும் தெரியாதவர் அதை அகப்பையைக் கையில் பிடித்தபடி கேட்கிறார், அவனும் ஓம் என்று தலையாட்டுகிறான். அவன் கழிபட்டுவிடுவான் என்று பயந்து வந்தவள், கடைசிப் பந்திக்குக் காரணம் அது இல்லை என்று தெரிந்தபிறகு அந்த ஓலைக் குசினியில் இருந்து இன்னும் கூடுதலாகப் புகைந்தேன்.

மில்லுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கண்ணால் கண்டதைச் சொன்னேன். மாஸ்டர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "நாளைக்கு முல்லைத்தீவு அக்கா எடுக்கேக்கை ஒருக்கால் கேட்டு உறுதிப்படுத்துவம்" என்றார். அன்றைக்கு நான் அவருடைய நெல்லைக் கடைசியாகத்தான் குத்தவிட்டேன்.

முகாம் முடிந்த நாள் மில்லில் நிற்க இடமில்லை. காலையில் பெயர் வாசித்திருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வழக்கமான நேரத்துக்கு மச்சாளின் அழைப்பு வந்தது. துவாய், கதிரை, மோட்டர், எல்லாம் முறைப்படி நடந்தன. மாஸ்டர் குனிந்து, "அக்கா, கீப்பர் ஆர்?" என்று கேட்டார். கடல் இரைச்சலோடு மச்சாளின் குரல் வந்தது. "எனக்கொண்டும் தெரியாது தம்பி. நான் கிடாரத்தோடை நிண்டிட்டன். பெடியளுக்குப் போனைக் குடுத்திட்டாங்களாம், அக்காக்காரிக்கு எடுப்பான், அவளைக் கேளுங்கோ" என்றார். அத்தனை பேரும் கதிரையை விட்டு என் பக்கம் திரும்பினார்கள். என் கைபேசி அடித்தது. "அக்கா, என்னை எடுத்திட்டாங்கள்" என்றான் தம்பி. மோட்டர் நின்றிருந்த மில்லில், கத்தாமல், சாதாரணக் குரலில் நான் அதைச் சொன்னேன். கடைசி மூட்டையில் இருந்தவருக்கும் கேட்டது. என் வாழ்க்கையில் அதுபோல ஒரு பிற்பகல் எனக்குக் கிடைத்ததில்லை. வீட்டுக்குள் போனதும் அந்தப் பாஸ்போட்டைச் சேலைகளுக்கு அடியில் இருந்து எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

பல மாதம் போய், ஏதோ கதையில் தம்பி வாய் தவறிச் சொன்னான். பெயர் வாசித்தவுடன் அவன் முதலில் ஓடியது குசினிக்கு. மச்சாள் கிடாரத்தை விட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்து அழுதாராம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை நான் அங்கை சொல்லமாட்டன். உன்ரை அக்கா சொல்லட்டும். அவள்தான் சொல்லோணும்" என்றாராம். ஊரே காது கொடுத்துக் காத்திருக்க, அவ்வளவு பெரிய செய்தியை வாய்க்குள் வைத்துக்கொண்டு, தெரியாது என்று சொல்ல ஒரு மனுஷியால் முடிந்திருக்கிறது. அவருடைய குரல்மேல் எனக்குப் பொறாமை இருந்தது, அந்தப் பாரைத் தலைமேல் இருந்தது, நிறுத்தப்பட்ட மோட்டர்மேல் இருந்தது. இதைக் கேட்டபிறகு மிச்சம் எல்லாம் சின்னதாகிவிட்டது. என்னால் முடியாத ஒன்றை அவர் எனக்காகவே செய்திருந்தார். அதற்கு நன்றி சொல்வதைவிட அதன்மேல் பொறாமைப்படுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

இப்போது மச்சாள் பிரான்ஸில் மகளோடு இருக்கிறார். அங்கே குளிராம், பேரப்பிள்ளைகள் மீன் தலை சாப்பிடமாட்டார்களாம். இந்த வருஷ முகாம் பூநகரிப் பக்கம் நடந்தது. வேறு யாரோ சமைத்தார்கள், பயிற்றுநரும் மாறிவிட்டார், கைபேசியை யாரும் பூட்டவில்லை. முகாம் முடிகிற நாள் காலையில் தம்பி எனக்கு எடுத்தான். அவனை அணித்தலைவனாக்கிவிட்டார்களாம். அன்று பிற்பகல் மச்சாள் வீடியோவில் வருவார் என்பது தெரியும். மில்லில் எல்லோரும் கூடுவார்கள் என்பதும் தெரியும். இந்த முறை நான் கடனைத் தீர்க்கிறதென்று முடிவு பண்ணினேன். கூட்டம் சேருமுன் அவருக்குத் தனியே எடுத்துச் செய்தியைச் சொல்லிவிடுவது. பிறகு மாஸ்டர் கேட்கும்போது, எனக்கொன்றும் தெரியாது, மச்சாளைக் கேளுங்கோ என்று சொல்லிவிடுவது. கறிக்குத் தேங்காய் துருவியபடி அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

தனியே எடுத்தபோது மச்சாள் பதில் தரவில்லை. வேலையாக இருந்திருக்கலாம். பிறகு அவரே எடுத்தார், எல்லோரும் கூடியபிறகு. என் கணவர் துவாயை விரித்துக் கைபேசியைக் கதிரையில் சாய்த்தார். மோட்டர் நின்றது. மாஸ்டர் என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை, முகாம் முடிஞ்சுது, ஏதும் அறிஞ்சியோ?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "தம்பிதான் கப்டன்" என்று வந்தது.

டிராக்டர்காரர் கையைத் தட்டினார். சத்தம் அடங்கியதும் எல்லோரும் கைபேசியைப் பார்த்தார்கள். மச்சாளின் முகம் அதில் தெரிந்தது. கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. இப்போதுதான் கேள்விப்பட்டவருக்கு அவ்வளவு வேகமாகக் கண் சிவக்காது. "அப்பிடியோ பிள்ளை? எனக்கொண்டும் தெரியாதே" என்றார். அவசரமில்லாத அதே குரல். அன்றைக்குக் கடல் இரைச்சலோடு கேட்ட அதே குரல். தம்பி இந்த முறையும் முதலில் யாரிடம் ஓடியிருக்கிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. மாஸ்டர், "பாத்தியளோ அக்கா, முதல் இவவுக்குத்தான் தெரிஞ்சிருக்கு" என்று பெருமையோடு சொன்னார். துவாயின் மேல் நிமிர்ந்திருந்து மச்சாள் சிரித்தார். நான் தூணோடு நின்றுகொண்டிருந்தேன்.